ஐந்துக்கு ஐந்து

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

நான் உங்கள் அண்ணன் மகள். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று முன்பு சொல்வீர்கள். இப்போது கொஞ்சம் திருந்திவிட்டது, அதனால் உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். நீங்கள் எனக்குப் பள்ளிப் பை அனுப்பிய பார்சலின் உறையைப் பத்திரமாக வைத்திருந்தேன். முகவரி அதிலிருந்து கிடைத்தது.

தாத்தா இறந்த மறுநாள் உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்களும் அப்பாவும் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அப்பாவை இன்னும் கொஞ்சம் பொறுமையா பார்த்திருக்கலாம்" என்றார் அப்பா. "ஆறு வருஷம் பார்த்தவகிட்ட வந்து பொறுமையைப் பத்திப் பேசறியா? உனக்கும் ஒரு நாள் இதே மறதி வரும். அப்போ உன்னை யாரு பொறுமையா பார்க்கறாங்கன்னு பார்க்கறேன்" என்றீர்கள் நீங்கள். அதன்பிறகு மூன்று வருடமாக எங்கள் வீட்டில் உங்கள் பேச்சை எடுப்பதில்லை.

நான் சண்டையைப் பற்றி எழுத வரவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். தாத்தாவுக்கு மறதி நோய் எப்படித் தொடங்கியது? முதன்முதலில் எதை மறந்தார்?

கேட்பதற்குக் காரணம், அப்பா மறக்கிறார்.

அப்பா இன்னும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில்தான் இருக்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. போனில் கதறுகிறவர்களிடம் பதறாமல் இடத்தைக் கேட்டு வாங்கி வண்டியை அனுப்ப வேண்டும். வீட்டில் வாசல் மணி அடித்தால்கூட, கதவைத் திறந்து, "சொல்லுங்க, எந்த இடம்?" என்கிறார். தபால்காரர் ஒருமுறை, "உங்க இடம்தாங்க" என்றார். நானும் அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் போன மாதம் கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். "என்ன வாங்கப் போனீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "அதைத்தான் வழியெல்லாம் யோசிச்சிட்டே வரேன்" என்றார். போன வாரம் வேலையில், முகவரியைச் சொல்லி முடித்தவரிடமே மறுபடி முகவரி கேட்டிருக்கிறார். வண்டி நேரத்துக்குப் போய்விட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேற்பார்வையாளர், நினைவுப் பரிசோதனை செய்து சான்றிதழ் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

பள்ளி நூலகத்தில் மூளையைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. பயமோ அவசரமோ வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஒரு சுரப்பைக் கொட்டுமாம். இதயம் வேகமாக அடிக்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், காதும் கண்ணும் கூர்மையாகும். ஆபத்து போனதும் அது இறங்கிவிட வேண்டும். சிலருக்கு வருடக்கணக்கில் இறங்குவதே இல்லை. மூளைக்குள் புது விஷயங்களைப் பதிந்துவைக்கும் சின்னப் பகுதி ஒன்று கடற்குதிரை வடிவத்தில் இருக்கிறது. சுரப்பு இறங்காமலே இருந்தால் அது சுருங்கக்கூடும் என்றும், அப்படிப்பட்டவர்களிடம் பிற்காலத்தில் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த பத்தியிலேயே, அழுத்தம்தான் நோயைக் கொண்டுவருகிறதா, இல்லை வெளியே தெரியாமல் தொடங்கிவிட்ட நோய்தான் ஆளைப் பதற்றமாக்குகிறதா என்பது இன்னும் முழுதாகத் தெரியாது என்றும் இருக்கிறது. எனக்கு அந்தப் பத்தியின் மேல் கோபம் வந்தது.

பதிலைப் பள்ளி நூலகத்துக்கு அனுப்புங்கள். நூலகர் அக்கா பிரிக்காமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அண்ணன் மகள்

ஜூன் 13

கேள்வி மூட்டைக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். ஒரு பெரிய விடுதியின் படுக்கை விரிப்பெல்லாம் இங்கேதான் வருகிறது. ஆவியில் காகிதம் நமுத்துப்போய், உன் தொப்பிச் சுரப்பி கொஞ்சம் அழிந்துவிட்டது.

உன் அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி எழுதவைக்கிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். சிறுநீரகம் வரைக்கும் படித்ததும் சந்தேகம் போய்விட்டது. அண்ணனுக்கு அவ்வளவு விஷயம் தெரியாது.

தாத்தா முதலில் மறந்தது பொருளை இல்லை, வழியை. தினமும் இறங்குகிற பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். நான் போய், "ஏன்பா இங்கேயே நிக்கறீங்க?" என்றதற்கு, "காத்து வாங்கறேன்" என்றார். மறந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உன் அப்பாவோ மறந்ததைத் தானே ஒத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். இரண்டும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. நான் துணி வெளுக்கிறவள், டாக்டர் இல்லை. இதை வைத்துக்கொண்டு நீ கோட்டை கட்டாதே.

கொதிகலனில் அழுத்தம் காட்டும் முள் ஒன்று எங்களிடம் உண்டு. அது ஏறுவது தப்பே இல்லை, ஏறினால்தான் இஸ்திரி இயந்திரம் ஓடும். வேலை முடிந்தும் இறங்காமல் நின்றால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். நீ எழுதியதைப் படித்தபோது அந்த முள்தான் ஞாபகம் வந்தது.

பொறுமை என்ற சொல்லை நீ எழுதியிருக்க வேண்டாம். ஆறு வருடத்தில் உன் அப்பா வந்ததெல்லாம் விருந்தாளி மாதிரி. வருவார், தாத்தாவுக்கு நகம் வெட்டிவிடுவார், "நல்லாத்தானே இருக்காரு" என்பார், மாலை வண்டியைப் பிடிக்க ஓடிவிடுவார். நகம் வெட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அவரையே கேள்.

இனி எழுதாதே. அந்த வீட்டு விவகாரம் எனக்கு வேண்டாம். அப்படி எழுதினால், அவர் ஒழுங்காகத் தூங்குகிறாரா என்று பார்த்து எழுது.

அத்தை

ஜூன் 24

அன்புள்ள அத்தைக்கு,

எழுதாதே என்றும் எழுது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

இரவு வேலை இருந்த வாரம் முழுக்க அப்பாவைக் கவனித்தேன். காலையில் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறார். சமையலறையில் கரண்டி விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பல்லை நறநறவென்று கடிக்கிறார். ஆச்சரியமாக ஒன்று பார்த்தேன். தூங்கும்போதும் அவருடைய தோள்கள் காதுவரைக்கும் ஏறியே இருக்கின்றன, இறங்குவதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளை தன் கழிவுகளைக் கழுவி வெளியேற்றுகிறது என்று ஒரு கருத்து இருக்கிறதாம். அப்பாவுக்குக் கழுவ நேரமே இருப்பதில்லை. உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன், நீங்கள் அந்தத் தொழிலில்தானே இருக்கிறீர்கள்.

நான் ஒரு சோதனையும் தொடங்கியிருக்கிறேன். புத்தகத்தின் பின்பக்கத்தில் நினைவுப் பயிற்சிக்கு ஐந்து வார்த்தைகள் கொடுத்திருக்கிறார்கள்: குடை, படகு, நீலம், ஆணி, மேகம். சாப்பிட உட்காரும்போது சொல்வேன், சாப்பிட்டு முடித்ததும் அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். விளையாட்டு என்றுதான் சொன்னேன். முதல் நாள், "குடை" என்றதுமே என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்று இரண்டுதான் சொன்னார். இப்போது அவரே, "எங்கே, அந்த விளையாட்டைப் போடு" என்று கேட்கிறார். நேற்று ஐந்தும் சொல்லிவிட்டார். நினைவு வளர்கிறது என்று எழுதிவைத்தேன்.

ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயாளியை நெடுநாள் பார்த்துக்கொள்கிறவர்களின் உடம்பிலும் அந்தச் சுரப்பு இறங்காமல் நிற்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் தூங்குகிறீர்களா?

கேள்வி மூட்டை

ஜூலை 3

கேள்வி மூட்டைக்கு,

எனக்கெல்லாம் புத்தகத்தில் இடம் இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் தலை வாரிக்கொண்டு இருந்திருப்பேன்.

தாத்தா கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். அதனால் தாழ்ப்பாள் அசைந்தால் எழுந்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இப்போது காற்றில் தாழ்ப்பாள் ஆடினாலும் எழுந்து கதவருகே போய் நிற்கிறேன். யாரைத் தடுப்பதற்கு என்று கேட்காதே. போதுமா உன் பதில்?

அந்த விளையாட்டை நிறுத்து. தினமும் அதே ஐந்து வார்த்தையைச் சொன்னால் எங்கள் இயந்திரம்கூட ஒப்பிக்கும். பரிசோதனையில் இந்த மாதிரிதான் கேட்பார்கள், தாத்தாவோடு போய் நானே பார்த்திருக்கிறேன். கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு மார்க் வருகிறது என்று சந்தோஷப்படுகிற வாத்தியாரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

அண்ணி எப்படி இருக்கிறாள்?

அத்தை

ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. பரிசோதனை நேற்றே முடிந்துவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் போனோம். டாக்டர் இளவயதுப் பெண், மெதுவாகப் பேசினார். "அஞ்சு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படித்தார். குடை, படகு, நீலம், ஆணி, மேகம். எனக்கு நாற்காலிக்குக் கீழே தரையே இல்லை என்று தோன்றியது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், ஓரிடத்தில் தடுக்கினார். பிறகு வார்த்தைகளைக் கேட்டபோது கடகடவென்று ஒப்பித்தார். "அஞ்சுக்கு அஞ்சு. கவலைப்பட ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேருந்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அது நம்ம வார்த்தை."

"தெரியும்" என்றார், சன்னலைப் பார்த்தபடி.

"எப்பலேர்ந்து?"

"கூட வேலை பார்க்கறவன் ஒருத்தன் போன வருஷம் அங்கே போய்ட்டு வந்தான். குடை, படகுன்னு என்னமோ கேட்டாங்கன்னு சொன்னான். நீ முதல் நாள் குடைன்னு வாயெடுத்ததுமே புரிஞ்சுபோச்சு."

"அப்போ அது சரியான மார்க் இல்லையேப்பா."

"மார்க் மார்க்குதான். வேலை நிலைச்சுது. நீ நல்லா சொல்லிக்கொடுத்தே" என்று என் தலையைத் தட்டினார்.

அத்தை, இதுவரைக்கும் யாரும் பாராட்டி நான் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "பாஸ் பண்ணிட்டாருல்ல, விடு. நோயை ஏன் வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடறே?" என்றாள். அப்பாவிடம் மறுபடி, வேறு வார்த்தைகளோடு போய் வருவோம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நோய் இருந்தால் அது இப்போது ஒளிந்துகொண்டது. இல்லாவிட்டால், இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது. இந்த வாரம் அப்பாவுக்கு இரவு வேலை. யாரோ ஒருவர் பதறிக்கொண்டு ஒரே ஒரு முறை முகவரி சொல்லப்போகிறார்.

அவர் எங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். உங்கள் பேச்சைத்தான் கேட்பார். மூன்று வருடமாக உங்களுடைய அந்த ஒரு பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

அண்ணன் மகள்

ஜூலை 17

மருமகளே,

சொன்ன சொல் என்ன படுக்கை விரிப்பா, கறை போகவில்லை என்று திருப்பி அனுப்பினால் நான் மறுபடி வெளுத்துத் தர?

அவரும் ஒன்று சொன்னார். ஆறு வருடம் அப்பாவுக்கு ஊட்டி, துடைத்து, கதவருகே படுத்தவளைப் பார்த்துச் சொன்னார். அதை யார் திரும்ப வாங்கிக்கொள்வது? அவர் முதலில் கூப்பிடட்டும். என் நம்பரைத் தாத்தா மறந்தார், நியாயம். அண்ணன் மறந்தது எந்த நோயில் சேரும்?

இங்கே ஆள் பற்றாக்குறை. விடுப்பு கிடைக்காது.

அத்தை

ஜூலை 22

அத்தைக்கு,

சரி, வர வேண்டாம்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். உனக்கும் இதே வரும் என்று சொன்னபோது, அது வரும் என்று நீங்கள் நம்பினீர்களா?

அப்பா அடுத்த வாரம் மறுபடி இரவு வேலைக்குத் திரும்புகிறார்.

ஆகஸ்ட் 1

கேள்வி மூட்டைக்கு,

உன் மூன்று வரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரிப்பை இயந்திரத்தில் கோணலாக விட்டுவிட்டேன். அது சுருட்டிக்கொண்டு நின்றது. மேலாளர் கத்தினார். "நான் ஊருக்குப் போகணும்" என்றேன். "விரிப்பு சிக்கினதுக்கும் ஊருக்குப் போறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். "அதை என் மருமகளைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

நான் வந்தபோது நீ பள்ளியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்க்காமல் திரும்பியது மனதை உறுத்துகிறது, ஆனால் மாலை வண்டியை விட்டால் வேலை போயிருக்கும். பார், நானும் அண்ணன் மாதிரியே மாலை வண்டியைப் பிடிக்க ஓடியிருக்கிறேன்.

அண்ணி கதவைத் திறந்தாள். உன் அப்பா இரவு வேலை முடிந்து படுத்திருந்தார். என் குரல் கேட்டதும் எழுந்து வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. சட்டையைப் போடு. டாக்டர்கிட்ட போறோம்."

"நான்தான் பாஸ் பண்ணிட்டேனே."

"உன் பொண்ணு பாஸ் பண்ணியிருக்கா. நீ இன்னும் பரீட்சையே எழுதலை."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பத்துத் தடவை முடியாது என்றார், நான் பதினோராவது தடவைக்காக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். சின்ன வயதிலும் இப்படித்தான் ஜெயிப்பேன்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு மரப்பெஞ்சு. அண்ணி சீட்டு வாங்கப் போயிருந்தாள். இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ கேட்ட கேள்வியை அங்கேதான் அவரிடம் சொன்னேன். "உன் பொண்ணு கேட்டிருக்கா, நான் அன்னைக்கு நம்பித்தான் சொன்னேனான்னு. நான் என்ன ஜோசியமா பார்த்தேன்? ராத்திரியெல்லாம் தூக்கமில்லாத வாயி, என்னமோ வந்துது, கொட்டிட்டேன்."

அவர் சொன்னார். "தினமும் எழுந்திருச்சதும், கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி, அப்பா பேர், அம்மா பேர், உன் பேர், பொண்ணோட வகுப்பு, எல்லாம் சொல்லிப் பார்க்கறேன். ஒண்ணு தட்டினாலும் அன்னைக்கு முழுக்க அதே நினைப்பு. எதிர்ல பேசறவன் முகவரி சொல்றான், எனக்கு உள்ளே இது ஓடுது."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, தலையைக் கோதிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "அன்னைக்கு நீ சொன்னதுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கு" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நகம் வெட்டறப்போ அவர் கையை இழுத்துப்பாரு. ஒரு கை முடிக்கறதுக்குள்ள எனக்குக் கோவம் வந்துடும். உனக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்போவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன்" என்றார்.

அண்ணி வந்துவிட்டாள்.

உள்ளே போனதும், யாரும் கேட்பதற்கு முன்பே, "போன தடவை கேட்ட வார்த்தையெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும், டாக்டர்" என்று அவரே சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குமேல் எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. எத்தனை சொன்னார் என்று நீ எழுது. நல்லதோ கெட்டதோ, உள்ளதை எழுது.

உன் கேள்விக்கு என் பதில்: சொன்ன நிமிடத்தில் நம்பினேன். மறுநாள் நம்பவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நீ எழுதும் வரைக்கும் கூப்பிடவில்லை.

அத்தை

ஆகஸ்ட் 19

அன்புள்ள அத்தைக்கு,

உள்ளதை எழுதுகிறேன். புது வார்த்தைகளில் அப்பா மூன்றுதான் சொன்னார். நான்காவதை டாக்டர் குறிப்புக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது வரவே இல்லை. வார்த்தைகள் என்னென்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், தலையைப் படம் பிடிக்கச் சொன்னார், ஓர் இரவு தூக்கத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தனுப்பினார். எல்லா முடிவும் நேற்றுதான் வந்தது. நானும் கூடப் போனேன்.

ரத்த அழுத்தம் அதிகம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் துண்டு துண்டாக இருக்கிறது. படத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. இப்போதைக்கு இதை மறதி நோய் என்று சொல்ல மாட்டேன், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர்.

நான் கையைத் தூக்கிவிட்டேன், வகுப்பு என்று நினைத்து. அப்பா சிரித்தார். "இத்தனை வருஷ டென்ஷன்தான் காரணமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆயிரம் பேரை வச்சுக் கேட்டா, டென்ஷனும் தூக்கமில்லாததும் மூளைக்கு நல்லதில்லைன்னு சொல்லுவேன். உங்கப்பா ஒருத்தருக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. மனசு வேற எங்கேயோ இருந்தா, காதுல விழுந்தது உள்ளே பதியாது. பதியாததை மறந்துட்டோம்னு நினைச்சுப்போம்" என்றார்.

அந்தப் புத்தகத்தின் பத்தியைத் திரும்பப் படித்தேன், அத்தை. இந்த முறை கோபம் வரவில்லை. தெரியாது என்று எழுதுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாவது பரிசோதனையின் தாளை அப்பாவே மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் தாளைக் கிழித்துவிடும்படியும் சொன்னார். அவரை அழைப்பு எடுப்பதிலிருந்து விலக்கி, வண்டிகளின் பழுது பார்க்கும் பிரிவில் பகல் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். வருத்தம்தான். "பஞ்சரானா கூப்பிடுவாங்க. யாரும் அழ மாட்டாங்க" என்கிறார். அதைக் குறையாகச் சொல்கிறாரா நிம்மதியாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த ஓர் அழைப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் ஒரு அழைப்பைப் பற்றியும் அவர் வீட்டில் சொன்னதில்லை. ஒரு சின்னப் பையன் பேசினானாம். அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்றானாம். அவனுக்கு முகவரி சொல்லத் தெரியவில்லை. சன்னல் வழியாக என்ன தெரிகிறது, சொல்லு என்று அப்பா கேட்டிருக்கிறார். பச்சைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, ஒரு நாய் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, அதை வைத்தே தெருவைக் கண்டுபிடித்து வண்டியை அனுப்பினாராம். அம்மா பிழைத்துக்கொண்டாளாம்.

நடுவில், நாய் கறுப்பு என்று ஒருமுறையும் வெள்ளை என்று ஒருமுறையும் சொன்னார். எனக்குக் கேட்டது, அத்தை. பேனா கையில்தான் இருந்தது. அதை மூடிவைத்துவிட்டு, "அப்புறம் அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

உங்கள் மருமகள்